மகள் ஜர்னலிசம் படிக்கப் போகிறேன் என்கிறாள், டெல்லியில் இருக்கிற பத்திரிகைக்காரர்கள் யாராவது சொல்லுங்களேன்

ஆர்கேபுரம்_அப்பா | ஞாயிறு, இரவு 9:52

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறவன், எழுதுவது இதுதான் முதல் தடவை. மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், டெல்லிக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள், டிடிஇஏ (டெல்லி தமிழ்க் கல்விக் கழகம்) பள்ளியில் பன்னிரண்டாவது, காமர்ஸ், கணக்கும் உண்டு. மார்க்குக்குக் குறைவில்லை.

எகனாமிக்ஸ் ஆனர்ஸ் போவாள், அப்புறம் ஏதாவது பரீட்சை எழுதி செட்டில் ஆகிவிடுவாள் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் ராத்திரி சாப்பிடும்போது, டி.யூ.வில், அதாவது டெல்லி யூனிவர்சிட்டியில், பி.ஏ. ஆனர்ஸ் ஜர்னலிசம்தான் முதல் சாய்ஸாகப் போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்காரம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

எனக்குத் தெரிந்த பத்திரிகை உலகம் காலையில் காபியோடு வரும் பேப்பரும், சின்ன வயதில் வீட்டு ரேடியோவில் கேட்ட சரோஜ் நாராயணசாமி குரலும்தான். இதற்கென்று ஒரு டிகிரி தேவையா? படித்தால் வேலை கிடைக்குமா? பெண் பிள்ளைக்கு ராத்திரி ஷிப்ட் எல்லாம் சரிப்பட்டு வருமா? தெரிந்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள், திட்டுவதாக இருந்தாலும் சரி.

டெஸ்க்_ராத்திரி | ஞாயிறு, இரவு 11:47

சார், ஒளிக்காமல் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். வேண்டாம்.

ஜர்னலிசமே வேண்டாம் என்று சொல்லவில்லை, பதினேழு வயதில் அதையே டிகிரியாகப் படிக்க வேண்டாம் என்கிறேன். பதினெட்டு வருஷமாக டெஸ்க்கில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதைத் திருத்திக்கொண்டிருப்பவன் நான். முதலில் சென்னை, இப்போது இங்கே ஓர் ஆங்கில நாளிதழ். வருஷா வருஷம் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். தலைப்பு எழுதத் தெரியும், கேமரா பிடிக்கத் தெரியும், முக்கியமானதை முதலில் சொல்லும் ‘தலைகீழ் பிரமிடு’ என்றால் என்னவென்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். பட்ஜெட் நாளன்று நிதிப் பற்றாக்குறைக்கும் வருவாய்ப் பற்றாக்குறைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால்தான் முழிப்பார்கள். செய்தி எழுதும் உத்தியை ஆறு மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம், எகனாமிக்ஸை ராத்திரி பத்து மணிக்கு பேஜ் போகும் நேரத்தில் நான் எங்கே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது?

உங்கள் மகள் எகனாமிக்ஸோ சட்டமோ ஹிஸ்டரியோ ஏதாவது ஒன்றை உருப்படியாகப் படிக்கட்டும். பிறகும் இந்த ஆசை மிச்சமிருந்தால் இங்கே ஐ.ஐ.எம்.சி. (இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் மாஸ் கம்யூனிகேஷன்), சென்னையில் ஏ.சி.ஜே. (ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம்) என்று ஒரு வருஷப் படிப்புகள் இருக்கின்றன, அவை டிகிரி முடித்தவர்களுக்குத்தான். இன்னொன்று, நம் நாட்டில், அப்போது நம்மோடு இருந்த லாகூரில் 1941-லும் மெட்ராஸில் 1947-லும்தான் பல்கலைக்கழகங்களில் இதற்குத் துறை தொடங்கினார்கள். இந்து பத்திரிகையையும் சுதேசமித்திரனையும் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர் பள்ளிக்கூட வாத்தியார். பாரதி 1904-ல் மித்திரனில் சேர்ந்தபோது அவருக்குக் கொடுத்த வேலை தந்தியில் வந்த இங்கிலீஷ் செய்திகளைத் தமிழாக்குவது. அவர் எந்த டிகிரியைக் காட்டிச் சேர்ந்தார்?

பழைய_ஸ்டிரிங்கர் | திங்கள், காலை 7:10

பாரதிக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க அண்ணே, அப்பா முழுசாத் தெரிந்துகொள்ளட்டும்.

நார்த்கேம்பஸ்_மூன்றாம்_ஆண்டு | திங்கள், மதியம் 1:25

டெஸ்க் அண்ணா சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், மீதியை ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் இப்போது இதே கோர்ஸில் மூன்றாம் வருஷம், டி.யூ.வில் பெண்கள் கல்லூரி ஒன்றில்.

அங்கிள், முதலில் நடைமுறை. இந்தப் படிப்பு டி.யூ.வில் எல்லாக் கல்லூரியிலும் கிடையாது. எல்.எஸ்.ஆர்., கமலா நேரு, காளிந்தி, மகாராஜா அக்ரசேன், டி.சி.ஏ.சி. என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். இதில் முதல் மூன்றும் பெண்கள் கல்லூரி. 2022-லிருந்து க்யூட் என்கிற பொது நுழைவுப் பரீட்சை வழியாகத்தான் சேர்க்கை, பன்னிரண்டாவது மார்க் 98 இருந்தாலும் அது தகுதிக்கு மட்டும்தான். சரியான விடைக்கு 5, தப்பானதுக்கு 1 கழிப்பார்கள், அதனால் தெரியாததைக் குருட்டாம்போக்கில் அடிக்காமல் விடச் சொல்லுங்கள். 2022-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு நாலு வருஷப் படிப்பு, ஆனால் மூன்றாம் வருஷ முடிவில் ஆனர்ஸ் டிகிரியோடு வெளியே வந்துவிடலாம். நான் வந்துவிடப் போகிறேன்.

என்ன படித்தேன் என்று கேட்டால், எனக்கு இந்த டிகிரியில் மிச்சமாகப் போவது மீடியா சட்டம்தான். அந்த வகுப்பில் ஒரு விஷயம் கவனித்தேன். கருத்துச் சுதந்திரம் பற்றிப் பேச ஆரம்பித்தாலே முதலில் வருவது 1950-ல் நடந்த ரொமேஷ் தாப்பர் வழக்கு, பம்பாயிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகையை மெட்ராஸ் அரசாங்கம் உள்ளே விடவில்லை, அது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. அடுத்து தனிமனித அந்தரங்கம் என்று போனால் 1994 தீர்ப்பு, அதுவும் நம்மூர்தான். ஆட்டோ சங்கர் ஜெயிலில் இருந்து எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் மிரட்டிய விவகாரம். அச்சாவதற்கு முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை, அவதூறாக இருந்தால் வந்த பிறகு வழக்குப் போட்டுக்கொள் என்று தீர்ப்பு. வகுப்பில் நாற்பது பேரில் ஆட்டோ சங்கர் யார் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். மேடம் என்னையே எழுந்து கதை சொல்லச் சொன்னார், அன்றைக்கு எனக்கு இருந்த மவுசு இருக்கிறதே!

இதை எகனாமிக்ஸ் படித்துவிட்டு ஒரு வருஷத்தில் பிடித்துவிடலாம்தான். ஆனால் பதினெட்டு வயதில் ‘இதை எழுதினால் என் மேல் கேஸ் வருமா’ என்று யோசிக்கப் பழகியது வேறு. பழைய குற்றச் சட்டமான ஐ.பி.சி.யின் 499, 500 இப்போது புதுச் சட்டமான பி.என்.எஸ்.ஸில் 356 ஆகிவிட்டது. அவதூறு இன்னும் குற்ற வழக்குதான், இரண்டு வருஷம் வரை சிறை. வாட்ஸ்அப்பில் ஃபார்வேர்ட் செய்கிற மாமாக்கள் இந்தப் பேப்பரை மட்டுமாவது படிக்கலாம்.

குறைகளும் உண்டு. எங்கள் ரேடியோ லேபில் மூன்று மைக், அதில் ஒன்று வேலை செய்யாது. தியரி அதிகம், ஃபீல்ட் குறைவு. நாமாக வெளியே போகவில்லை என்றால் மூன்று வருஷமும் பவர்பாயின்ட்டிலேயே போய்விடும்.

மெஜந்தா_லைன் | திங்கள், மாலை 6:03

டி.யூ. கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிடாது. ஐ.பி. (இந்திரபிரஸ்தா) யூனிவர்சிட்டியின் கீழே நிறையக் கல்லூரிகளில் பி.ஏ. ஜே.எம்.சி. (ஜர்னலிசம், மாஸ் கம்யூனிகேஷன்) இருக்கிறது, ஃபீஸ்தான் கூட. நேரில் போய், கடைசி வருஷப் பிள்ளைகளிடம் ஸ்டுடியோ எத்தனை நாள் திறந்திருக்கும் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள், ப்ரோஷர் படத்தைப் பார்த்துச் சேராதீர்கள்.

முதுகலைக்கு ஜாமியா. 1982-லிருந்து இருக்கிற மாஸ் கம்யூனிகேஷன் சென்டர், ஆர்.கே.புரத்தில் ஏறினால் வண்டி மாறாமல் அதே மெஜந்தா மெட்ரோ லைனில் போய் இறங்கிவிடலாம். நான் முனிர்காவிலிருந்து இரண்டு வருஷம் போய் வந்தவன்.

ஐ.ஐ.எம்.சி. 1965-ல் தொடங்கியது, இங்கே ஜே.என்.யூ. பக்கத்திலேயே இருக்கிறது, 2024-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆக்கிவிட்டார்கள். மலையாள ஜர்னலிசத்துக்குக் கோட்டயத்தில், மராத்திக்கு அமராவதியில், ஒடியாவுக்கு தேங்கனாலில் என்று டிப்ளமா வைத்திருக்கிறார்கள். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், இரத்தக் கொதிப்பு ஏறும்.

பழைய_ஸ்டிரிங்கர் | திங்கள், இரவு 10:31

காலையில் கிண்டலாக எழுதிவிட்டேன், சார் தப்பாக நினைக்க வேண்டாம். உருப்படியாகவும் சொல்கிறேன்.

ஒரு தமிழ் சேனலுக்கு டெல்லியில் நாலு வருஷம் ஸ்டிரிங்கராக இருந்தேன். ஸ்டிரிங்கர் என்றால் மாதச் சம்பளம் கிடையாது, ஒரு ஸ்டோரிக்கு இவ்வளவு என்று கணக்கு, அதுவும் ஏர் ஆனால்தான். மைக் என்னுடையது, பைக் என்னுடையது, பெட்ரோல் என்னுடையது, லோகோ மட்டும் அவர்களுடையது. கடைசி ஏழு மாசத்துப் பணம் இன்னும் வரவில்லை, போன் பண்ணினால் அக்கவுன்ட்ஸில் சொல்லியிருக்கிறோம் என்பார்கள். இப்போது ஒரு கம்பெனியில் பி.ஆர். வேலை பார்க்கிறேன், மாசம் பிறந்தால் சம்பளம், ஞாயிறு லீவு. நான் எழுதி அனுப்புகிற பிரஸ் ரிலீஸை டெஸ்க் அண்ணன் மாதிரி ஆட்கள் குப்பையில் போடுவார்கள். போடட்டும்.

பத்திரிகைக்காரர்களுக்குச் சம்பளம் நிர்ணயித்த மஜீதியா சம்பள வாரியம் என்று ஒன்றைப் பற்றிப் பிள்ளைக்கு எந்தக் கல்லூரியிலாவது சொல்லிக்கொடுத்தால் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். 2011-ல் அறிவித்தார்கள், முதலாளிகள் வழக்குப் போட்டார்கள், 2014-ல் சுப்ரீம் கோர்ட் அது செல்லும் என்றது. எல்லாம் நல்லபடிதான். நான் பார்த்த இடத்தில் எல்லாம் புதிதாகச் சேர்கிறவர்களிடம் கான்ட்ராக்ட்டில்தான் கையெழுத்து வாங்கினார்கள், அந்த வாரியத்தின் சம்பளத்தை என் செட்டில் ஒருவர்கூட கையில் வாங்கிப் பார்த்ததில்லை. ஃப்ரீ இன்டர்ன்ஷிப் விஷயத்திலும் ஜாக்கிரதை. ஒரு மாசம் சும்மா வேலை பார்த்தால் கற்றுக்கொள்கிறாள் என்று அர்த்தம், ஆறு மாசம் சும்மா பார்த்தால் ஒரு ஆளின் சம்பளத்தை அவர்களுக்கு மிச்சம் பிடித்துக்கொடுக்கிறாள் என்று அர்த்தம்.

ஜந்தர்மந்தர்_2017 | செவ்வாய், மதியம் 12:15

மொழி பற்றி யாருமே பேசவில்லையே, அதனால் வந்தேன்.

2017 மார்ச், ஏப்ரலில் ஐயாக்கண்ணு தலைமையில் நம் விவசாயிகள் ஜந்தர் மந்தரில் 41 நாள் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கும். மண்டையோடு, வாயில் எலி, அந்தப் படங்கள் எல்லாப் பேப்பரிலும் வந்தன. நான் அப்போது ஜர்னலிசம் இரண்டாம் வருஷம். கரோல் பாக்கிலிருந்து அண்ணன்மார்கள் சாப்பாடு கொண்டுபோன வண்டியில் தொற்றிக்கொண்டு போனேன், தண்ணீர் பாட்டில் இறக்குவதுதான் என் வேலை. அங்கே ஓர் ஆங்கில நிருபர், ‘நீ தமிழா, கொஞ்சம் மொழிபெயர்த்துச் சொல்’ என்று கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஐந்தாறு பேருக்கு மொழிபெயர்த்தேன்.

எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றேதான்: ஏன் மண்டையோடு? பெரியவர்களும் சலிக்காமல் அதே பதிலைச் சொன்னார்கள். ஒரே ஒரு அம்மா, செய்தி ஏஜென்சி நிருபர், கேள்வியை மாற்றினார். எத்தனை ஏக்கர், என்ன பயிர், எந்த பேங்க், கூட்டுறவா தேசிய வங்கியா? அப்போதுதான் எனக்கே விஷயம் புரிந்தது. 2016-ல் தமிழ்நாடு அரசு சிறு, குறு விவசாயிகளின் கூட்டுறவுக் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டது, தேசிய வங்கிக் கடன் அதில் வராது, அது மத்திய அரசு பார்க்க வேண்டியது, அதனால்தான் இவர்கள் சென்னையில் உட்காராமல் ரயிலேறி இங்கே வந்திருக்கிறார்கள். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை வேறு பொய்த்துவிட்டது.

அதில் ஒரு பெரியவர் கடன், கடன் என்று சொல்லிக்கொண்டிருந்தார், நானும் ‘லோன்’ என்றே மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ‘பொண்டாட்டி கழுத்துல கெடந்தது’ என்று ஒரு வார்த்தை வந்தது. நிறுத்திக் கேட்டேன். அவர் சொன்னது பயிர்க் கடன் இல்லை, நகைக் கடன். தாலிக்கொடியைத் தவிர எல்லாம் பேங்க் பெட்டியில். அந்த ஒரு வித்தியாசத்தை அந்த அம்மாவிடம் சொன்னதும் அவர் நோட்டில் இருந்ததை முழுக்க அடித்துவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தார். எனக்கு இதழியல் வகுப்பு என்றால் அந்த நடைபாதைதான். ஆனால் கல்லூரியில் அந்தக் கோர்ஸில் இல்லாமல் இருந்திருந்தால் தண்ணீர் பாட்டிலை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன் என்பதும் உண்மை.

அதனால் சார், தமிழை விடச் சொல்லாதீர்கள். டெல்லியில் ஹிந்தி இல்லாமல் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு எஃப்.ஐ.ஆர். நம்பர்கூட வாங்க முடியாது, ஆங்கிலம் இல்லாமல் கோர்ட் ஆர்டர் புரியாது. இந்த இரண்டும் இங்கே எல்லாருக்கும் இருக்கிறது. மூன்றாவதாகத் தமிழில் தப்பில்லாமல் எழுதத் தெரிந்தவர்கள்தான் குறைவு. டெல்லியில் வளர்ந்த நம் பிள்ளைகள் பாதிப்பேருக்குப் பேச வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், ஒரு பத்தி எழுதச் சொன்னால் ‘ல’வும் ‘ள’வும் சண்டை போட்டுக்கொள்ளும்.

ஆர்கேபுரம்_அப்பா | செவ்வாய், இரவு 9:20

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஸ்டிரிங்கர் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை, அந்த நகைக் கடன் விஷயத்தைப் படித்துவிட்டு அதற்கு நேர்மாறாக ஏதோ தோன்றியது. டெஸ்க் சார் சொல்வதுதான் எனக்கு அனுகூலமாக இருக்கிறது என்பதால் அதையே பிடித்துக்கொள்ளக் கூடாது என்றும் பார்க்கிறேன். ஆபீஸில் ஃபைலில் நோட் எழுதிப் பழக்கம், இரண்டு பக்க வாதத்தையும் எழுதிவிட்டுக் கீழே ‘ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது’ என்று போட்டுவிடுவேன். இங்கே மேலே அனுப்ப ஆள் இல்லை.

அந்த_மகள் | செவ்வாய், இரவு 11:58

வணக்கம். நான்தான் அந்த மகள். அப்பா தமிழ் டைப் பண்ணத் தெரியாமல் என் லேப்டாப்பில் லாகின் பண்ணிவிட்டு அப்படியே விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் படித்துவிட்டேன். (அப்பா, நாளைக்கு இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். கோபம் இல்லை.)

டெஸ்க் சார், எனக்கு எகனாமிக்ஸ் பிடிக்காது என்று யாரும் சொல்லவில்லை, அதை ஜி.இ. பேப்பராக (வேறு துறையிலிருந்து எடுக்கும் விருப்பப் பாடம்) எடுத்துக்கொள்ளலாம் என்றும் எனக்குத் தெரியும். நான் எழுத வேண்டும் என்று நினைப்பது வேறு. நீங்கள் புதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மாதிரி எனக்கும் ஏதாவது கொடுங்கள், எழுதிக் காட்டுகிறேன். நன்றாக இல்லை என்றால் சொல்லிவிடுங்கள்.

டெஸ்க்_ராத்திரி | புதன், நள்ளிரவு 1:14

இப்போதுதான் பேஜ் அனுப்பிவிட்டு வந்தேன். சரி. உன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு ஆள், ஒரு மாற்றம். எண்பது வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. தமிழில் எழுது. வெள்ளிக்கிழமை.

அந்த_மகள் | வெள்ளி, மாலை 5:40

‘டெல்லியில் பல ஆண்டுகளாக மாவு வியாபாரம் செய்து வரும் ஏழைத் தமிழர் ஒருவர், அரசுக் குடியிருப்புகள் இடிக்கப்படுவதால் வாழ்வாதாரத்தை இழந்து தவித்து வருகிறார். அங்கு வசித்த ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் வேறு இடங்களுக்குச் சென்றுவிட்டதால் வியாபாரம் வெகுவாகக் குறைந்துவிட்டதாக அவர் கண்ணீர் மல்கக் கூறினார். இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் சோகத்தை ஏற்படுத்தியுள்ளது. அரசு உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதே அனைவரின் எதிர்பார்ப்பாகும்.’

டெஸ்க்_ராத்திரி | வெள்ளி, இரவு 8:05

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை, அதற்கு முதலில் ஒரு சபாஷ். மற்றதற்கு வருவோம், கோபித்துக்கொள்ளாதே.

பல ஆண்டுகளாக என்றால் எத்தனை? அவரிடம் கேட்டாயா, நீயே போட்டுக்கொண்டாயா? ஏழை என்று யார் சொன்னது? சொந்தமாக கிரைண்டர் வைத்திருக்கிறாரா, வாடகையா? ஏராளமான குடும்பங்கள் என்றால் நாற்பதா நானூறா? வெகுவாகக் குறைந்தது என்றால் எத்தனை கிலோ எத்தனை கிலோ ஆனது? கடைக்காரருக்குத் தராசில்தான் துக்கமும் தெரியும். இச்சம்பவம் என்கிறாய், சம்பவம் எது? ஒரு ஆளுக்கு வியாபாரம் குறைந்ததில் ஏரியா முழுக்கச் சோகமாக உட்கார்ந்திருக்கிறதா? கடைசி வரி அனைவரின் எதிர்பார்ப்பு இல்லை, உன் எதிர்பார்ப்பு, அதுவும் நம்மூர்ப் பேப்பர் படித்துப் படித்துத் தொற்றிக்கொண்டது.

முக்கியமானது: கண்ணீர் மல்க. அவர் நிஜமாகவே அழுதாரா?

அந்த_மகள் | வெள்ளி, இரவு 8:31

இல்லை. சிரித்துக்கொண்டேதான் பேசினார்.

டெஸ்க்_ராத்திரி | வெள்ளி, இரவு 8:33

ஏன் சிரித்தார்?

அந்த_மகள் | வெள்ளி, இரவு 8:50

கேட்கவில்லை. நாளைக் காலையில் போகிறேன்.

நார்த்கேம்பஸ்_மூன்றாம்_ஆண்டு | வெள்ளி, இரவு 9:14

மூன்று வருஷத்தில் நான் எழுதியதை யாரும் இப்படித் திருத்தவில்லை. அசைன்மென்டில் பி பிளஸ் என்று மட்டும் வரும். அண்ணா, எனக்கும் ஒன்று பார்ப்பீர்களா?

பழைய_ஸ்டிரிங்கர் | வெள்ளி, இரவு 9:40

கியூவில் வாங்கம்மா, என் பிரஸ் ரிலீஸ் முன்னாடியே நிற்கிறது.

அந்த_மகள் | ஞாயிறு, காலை 11:22

‘எட்டு வருடம் முன்பு தினமும் நாற்பது கிலோ இட்லி மாவு விற்றவர் இப்போது ஒன்பது கிலோ விற்கிறார். பதினாறு வருடமாக அதே இடத்தில் கடை வைத்திருக்கும் விழுப்புரத்துக்காரர் அவர், கிரைண்டர் இரண்டும் சொந்தம். மாவு வாங்கிய குடும்பங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு போய்விட்டன. அந்த இடத்தில் கட்டடம் கட்ட வந்த பீகார், வங்காளத் தொழிலாளர்கள் இட்லி சாப்பிடுவதில்லை. அவர்களுக்காக டீ போட ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு இருநூறு டீ போகிறது. “மாவுல வந்ததை விட டீல கொஞ்சம் கூடவே வருது. கட்டி முடிச்சாங்கன்னா இவங்களும் போயிடுவாங்க” என்று சிரித்தார்.’

எண்பதுக்குள்தான் இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். சிரித்ததற்குக் காரணம் அதுதான். எல்லாரும் அவரிடம் வந்து பாவம் பாவம் என்று சொல்கிறார்களாம், டீ விற்பதை யாரும் கேட்பதில்லையாம். பெயர் போட வேண்டாம் என்று சொன்னார், ரெண்டாவது கிரைண்டருக்கு லைசென்ஸ் ஏதோ பாக்கி இருக்கிறதாம், அதனால் போடவில்லை.

ஜந்தர்மந்தர்_2017 | ஞாயிறு, காலை 11:35

அந்தக் கடைசி மேற்கோள்!

டெஸ்க்_ராத்திரி | ஞாயிறு, மதியம் 2:10

இது ஸ்டோரி. போன வெள்ளிக்கிழமை எழுதியதில் பொய் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் இந்த டீ அதில் வந்திருக்க வாய்ப்பே இல்லை. பெயர் வேண்டாம் என்றவர் பெயரைப் போடாததும் சரி. இங்கே லைசென்ஸ் சமாச்சாரத்தைப் பொதுவில் எழுதியிருக்கிறாயே, அது மட்டும் தப்பு. அவரைத் தெரிந்தவர்கள் படித்தால்? அடுத்த தடவை அதை உன் நோட்டோடு வைத்துக்கொள்.

இன்னும் ஒரு ஓட்டை இருக்கிறது. எத்தனை குடும்பம் போனது? டெல்லியில் சரோஜினி நகர், நேதாஜி நகர், கஸ்தூர்பா நகர் என்று ஏழு அரசுக் குடியிருப்புக் காலனிகளை இடித்துக் கட்ட 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது, ஏழுக்கும் சேர்த்து 12,970 வீடுகள் 25,667 ஆகும் என்றார்கள். 2018-ல் மரம் வெட்டுவதற்கு எதிராக ஹைகோர்ட் வரை போனார்களே, அதே திட்டம். ஆனால் அது மொத்தக் கணக்கு. உன் மாவுக்கடைக்கு எதிரே இருக்கிற ஒரு காலனியில் எந்த வருஷம் எத்தனை வீடு காலியானது என்பது வேறு கணக்கு. ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு) போடு. பத்து ரூபாய், முப்பது நாள்.

எகனாமிக்ஸ் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஜி.இ. பேப்பரோடு நிறுத்தாமல் ஒழுங்காகப் படி.

ஆர்கேபுரம்_அப்பா | ஞாயிறு, இரவு 10:05

டெஸ்க் சார், நீங்கள் தெரிந்து சொன்னீர்களா தெரியாமல் சொன்னீர்களா, எங்கள் செக்‌ஷனுக்கு வருகிற ஆர்.டி.ஐ. மனுக்களுக்குப் பதில் வரைவு எழுதிக்கொடுப்பது பதினோரு வருஷமாக நான்தான். எத்தனை பேருக்கு ‘கோரப்பட்ட தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை’ என்று எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை.

சாயங்காலம் மனுவை எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். முதல் கேள்வியே ‘ஏன் இந்தக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன?’ என்று இருந்தது. ‘ஏன்’ என்று கேட்டால் ஒரு வரியில் தள்ளிவிடுவார்கள் அம்மா, விளக்கம் கேட்க அந்தச் சட்டத்தில் இடமில்லை, ஃபைலில் இருப்பதைத்தான் கேட்க வேண்டும் என்றேன். அதை ‘2016 முதல் இன்றுவரை ஆண்டுவாரியாகக் காலி செய்யப்பட்ட குடியிருப்புகளின் எண்ணிக்கை, டைப் வாரியாக’ என்று மாற்றினோம். முகவரியும் கட்டுமானம் பார்க்கிறவர்களுக்குப் போட்டிருந்தாள். வீடு ஒதுக்குவதும் திரும்ப எடுப்பதும் எஸ்டேட்ஸ் இயக்குநரகம், அவர்கள் கையில்தான் ரிஜிஸ்டர் இருக்கும். தப்பான இடத்துக்குப் போனால் பிரிவு 6(3)-ன் கீழ் மாற்றி அனுப்புவார்கள், அதிலேயே ஐந்து நாள் போய்விடும், சில இடத்தில் அதற்கு மேலும் போகும், அது எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

நான் எப்படியெல்லாம் தட்டிக்கழிப்பேன் என்று யோசித்து யோசித்து ஒவ்வொரு கேள்வியாக அடைத்துக்கொடுத்தேன். வீட்டுக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், இத்தனை வருஷமா இதைத்தான் ஆபீஸில் பண்ணிக்கொண்டிருந்தீர்களா என்று கேட்டாள்.

ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு ஆன்லைனில் போட்டுவிட்டாள். பத்து ரூபாய் என் கார்டில் போனது. பதிவு எண்ணை நோட்டில் எழுதி, முப்பதாம் நாள் எந்தத் தேதி என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். க்யூட் ஃபார்மும் அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் நிரப்பினாள், முதல் சாய்ஸ் என்ன போட்டாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

அந்த_மகள் | ஞாயிறு, இரவு 10:19

அந்த ஃபார்மில் முக்கியம் பாடம்தான் அப்பா, டி.யூ.வில் கோர்ஸ் சாய்ஸ் எல்லாம் ரிசல்ட்டுக்கு அப்புறம்தான்.